துரோகியின் குரல் இனிமையாகத்தான் இருக்கும்

(மலாக்கா மாநிலம் செர்காமில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், 'வில்லனின் துரோகத்தை முன்கூட்டியே உணர்த்துவது கதையா, குரலா?' என்ற தலைப்பில், 'கதையே' என்ற அணிக்காகப் பேசப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, குரலால் மிரட்டிவிட்டுப் போன எதிரணி நண்பர்களே, செர்காம், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத்திலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கைத்தொலைபேசியில் விளையாடிக்கொண்டே பட்டிமன்றமும் கேட்கும் தம்பிமார்களே!

எதிரணி நண்பர் பேச வந்ததும் என்ன செய்தார்? பி.எஸ். வீரப்பாவைப் போல் ஒரு சிரிப்புச் சிரித்தார். முன்வரிசையில் பாட்டி மடியில் தூங்கிய குழந்தை அலறி எழுந்தது. உடனே நண்பர் வெற்றிப் புன்னகையோடு கேட்டார்: "பார்த்தீர்களா, குழந்தைக்கே தெரிகிறது இவன் வில்லன் என்று! இதற்குக் கதை எதற்கு? குரல் போதாதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் நடுவர் அவர்களே, குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிட்டால் அவன் எப்படித் துரோகம் செய்வான்?

தலைப்பை ஊன்றிப் பார்க்க வேண்டும். வில்லனை எதனால் அடையாளம் காண்கிறோம் என்பதல்ல இங்கே கேள்வி. வில்லனின் துரோகத்தை முன்கூட்டியே எது உணர்த்துகிறது என்பதுதான் கேள்வி. பகைவன் வேறு, துரோகி வேறு. பகைவன் வாசலில் நின்று கத்துவான். துரோகி வீட்டுக்குள் உட்கார்ந்து, நம் தட்டில் சாப்பிட்டு, "அண்ணே, கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்பான். பகைவனுக்கு வேண்டியது வலிமை. துரோகிக்கு வேண்டியது நம்பிக்கை. நம்பாதவனுக்கு யாரும் துரோகம் செய்ய முடியாது.

1957-ல் வந்த 'மகாதேவி' படத்தை இங்கே பல பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். எம்.ஜி.ஆர், சாவித்திரி நடித்த படம். அதில் தளபதி கருணாகரனாக வீரப்பா. அந்தச் சிரிப்பைக் கேட்ட எந்த மன்னனாவது படையை அவர் கையில் கொடுப்பானா? படம் பார்க்கும் நமக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. அரண்மனையில் இருப்பவர்களுக்கு மட்டும் கடைசிவரை காது கேட்பதில்லை! அது வீரப்பாவின் குற்றமல்ல. அவர் குரல் நமக்காக ஒலித்த குரல். படத்தில் இருக்கும் மன்னருக்காக ஒலித்ததல்ல.

கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டிய குரல்

அந்தக் காலத்து வில்லன்கள் ஏன் அப்படி முழங்கினார்கள்? அதற்குக் காரணம் உண்டு. அவர்களில் பலர் நாடக மேடையில் வளர்ந்தவர்கள். ஒலிபெருக்கி பரவாத காலத்து நாடகக் கொட்டகையில் கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவருக்கும் வசனம் கேட்க வேண்டும். முகத்தின் சிறு மாற்றம் அத்தனை தொலைவில் தெரியாது. ஆகவே நல்லவனுக்கு ஒரு குரல், கெட்டவனுக்கு ஒரு குரல், கோமாளிக்கு ஒரு குரல் என்று பிரித்து வைத்தார்கள். அந்தப் பழக்கம் திரைப்படத்துக்கும் வந்தது.

நம் தோட்டங்களில் அது இன்னும் பொருந்தியது. லயத்துக்கு முன்னால் இருக்கும் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். காற்றடித்தால் துணி ஆடும். துணியோடு சேர்ந்து நம்பியார் முகமும் ஆடும். ஆனால் குரல் ஆடாது. துணிக்குப் பின்னால் இடம் பிடித்தவர்கள் படத்தை இடவலம் மாறிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் குரல் நேராகத்தான் கேட்டது. பிறகு வானொலியில் ஒலிச்சித்திரம் வந்தது. இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் 'கதை வசனம்' வந்தது. படமே இல்லாமல் முழுப் படத்தையும் காதால் பார்த்த தலைமுறை இங்கே உட்கார்ந்திருக்கிறது. அவர்களிடம் போய்க் குரல் முக்கியமில்லை என்று சொல்ல இந்த அணிக்குத் துணிச்சல் இல்லை.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். நம்பியார் என்றால் பாட்டிமார்கள் திட்டுவார்கள். "இவன் விளங்குவானா?" என்று திரையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றுவார்கள். நிஜ வாழ்க்கையில் எம்.என். நம்பியார் யார்? மது தொடாதவர், சைவ உணவுக்காரர், ஆண்டுதோறும் சபரிமலைக்குப் பக்தர்களை அழைத்துச் சென்ற குருசாமி. குரலை வைத்து ஆளை எடை போட்டால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

வள்ளுவரைக் கேட்கலாம். 'கூடா நட்பு' என்று ஓர் அதிகாரம் எழுதினார். 'உட்பகை' என்று இன்னொன்றும் எழுதினார். பகைவன் பணிந்து பேசும் பேச்சை அவர் எதனோடு ஒப்பிட்டார் தெரியுமா? வில்லின் வளைவோடு. வில் வளைவது நமக்கு வணக்கம் சொல்லவா? அம்பு விடுவதற்கு. 'வில்லன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் நம் வில்லுக்கும் உறவு கிடையாது. ஆனாலும் வள்ளுவர் கணக்குப்படி நிஜமான வில்லன் நிமிர்ந்து கத்துகிறவன் அல்லன், வளைந்து பேசுகிறவன்!

அந்த நாளில் நடந்தது என்ன?

இனி இந்த அணியின் முக்கியமான சாட்சிக்கு வருவோம். 1954 ஏப்ரல் 13-ஆம் நாள் வெளிவந்த 'அந்த நாள்'. ஏவி.எம். தயாரிப்பு. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். எழுதியவர் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடித்தவரும் அவரே. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் அதுதான். பாட்டில்லாத படம் என்றால் என்ன பொருள்? கதையும் பேச்சும் மட்டுமே சுமக்க வேண்டும் என்று பொருள். இந்தத் தலைப்புக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது.

கதை இதுதான். 1943 அக்டோபர் மாதம். சென்னையில் ஜப்பானியர் குண்டு போடுகிறார்கள். ஊரே மூட்டை முடிச்சோடு கிளம்புகிறது. சில நாளில் ராஜன் என்ற வானொலிப் பொறியாளர் தம் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறார். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். படம் தொடங்கும்போதே கதாநாயகன் பிணம்!

யார் சுட்டது? பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவர் மீது பழி போடுகிறார்கள். ஒவ்வொரு கதையிலும் ராஜன் வேறு மாதிரி தெரிகிறார். ஒருவருக்குக் கறாரானவர், இன்னொருவருக்குக் கனிவானவர். கடைசியில், பண்டரிபாய் நடித்த மனைவி உஷாவின் வாயிலிருந்து உண்மை வருகிறது. ராஜன் நாட்டின் இரகசியங்களை ஜப்பானுக்கு விற்றவர். தேசபக்தி மிகுந்த உஷா அதைக் கண்டுபிடிக்கிறார், கெஞ்சுகிறார், தடுக்கிறார். கடைசியில் அவர் கையிலிருந்த துப்பாக்கி வெடிக்கிறது.

இப்போது எதிரணி நண்பர்கள் பதில் சொல்ல வேண்டும். ராஜன் துரோகி என்று சிவாஜியின் குரல் எங்கே காட்டிக்கொடுத்தது? இரண்டே ஆண்டுக்கு முன்னால், 1952-ல், 'பராசக்தி' நீதிமன்றக் காட்சியில் தமிழ்நாட்டையே உலுக்கிய குரல் அது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் நினைத்திருந்தால் முதல் வசனத்திலேயே ராஜனைக் கெட்டவனாகக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. வீட்டில் பேசும் குரல், மனைவியிடம் கொஞ்சும் குரல், படித்த இளைஞனின் குரல் என்றே வைத்துக்கொண்டார். தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்று அவர் பேசும்போது அதில் நடிப்பு தெரியாது. நிஜமான காயம் தெரியும். கேட்பவருக்கு இரக்கம்கூட வரும். அந்த இரக்கம்தான் பொறி.

அப்படியானால் துரோகத்துக்கு முன்னறிவிப்பே இல்லையா? உண்டு, நடுவர் அவர்களே. கதை முதல் சில நிமிடங்களிலேயே எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துவிட்டது. ஒன்று, எதிரி குண்டு போட்ட ஊர். இரண்டு, செத்தவர் வானொலிப் பொறியாளர். வானொலிக் கருவி என்ன செய்யும்? கேட்கும், ஆள் தெரிந்தவன் கையில் இருந்தால் அனுப்பவும் செய்யும். யுத்த காலம், வானொலி தெரிந்தவன், குண்டு விழுந்த நகரம். இந்த மூன்றையும் கூட்டிப் பார்க்க ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போதும். யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஏன்? சிவாஜி கதாநாயகனாயிற்றே, அந்தக் குரல் நல்ல குரலாயிற்றே என்று காது நம்மை ஏமாற்றுகிறது. கதை எச்சரித்தது. குரல் தூங்க வைத்தது.

அந்த வேடத்தில் முதலில் நடிக்கத் தொடங்கியவர் கல்கத்தாவைச் சேர்ந்த விசுவநாதன். சில பகுதிகள் எடுத்த பிறகு, தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனுக்குத் திருப்தி வராமல் சிவாஜிக்கு மாறியது. அதே கதை, அதே துரோகம். துரோகியை மக்கள் முதலில் நேசிக்க வேண்டும் என்பதற்கு நேசத்துக்குரிய ஒரு குரல் தேவைப்பட்டது என்றே அதைப் பார்க்க வேண்டும். படம் வெளிவந்தபோது வசூல் குவியவில்லை. பிறகு தேசிய விருதில் நற்சான்று கிடைத்தது. எழுபது ஆண்டுக்குப் பிறகும் பேசப்படுகிறது. ஒருமுறை பார்த்தவர் மறுமுறை பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கிறது. நல்ல துரோகக் கதைக்கு அடையாளம் அதுதான்: முதல்முறை அதிர்ச்சி, இரண்டாம்முறை, "அடடா, அப்போதே சொன்னானே!" என்ற வருத்தம்.

இந்த மண்ணுக்குத் தெரிந்த குரல்கள்

அந்தப் படத்தில் வரும் ஜப்பான்காரன் சென்னைக்கு ஆகாயத்திலிருந்து குண்டு மட்டும்தான் போட்டான். இந்த மண்ணில் அவன் மூன்றரை ஆண்டு உட்கார்ந்திருந்தான். சயாம் மரண ரயிலைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் அது முடிவடைவதற்குள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் மடிந்தார்கள்.

அவர்களை எல்லாம் துப்பாக்கியைக் காட்டியா கூட்டிப் போனார்கள்? சிலரை அப்படி. பலரை வாக்குக் கொடுத்து. நல்ல சம்பளம், சில மாத வேலை, சாப்பாடு உண்டு, திரும்பி வந்துவிடலாம் என்று சொன்னார்கள். இலவசப் படக்காட்சி என்று அழைத்துக் கதவைப் பூட்டி ரயிலில் ஏற்றிய சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. அதைச் சொன்ன குரல் வீரப்பா குரலாகவா இருந்திருக்கும்? அப்படி ஒரு குரல் கேட்டிருந்தால் லயத்தைவிட்டு ஒரு கால்கூட வெளியே வந்திருக்காது.

அதற்கும் முன்னால் போங்கள். கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்தவரே உரிமம் வாங்கிக்கொண்டு சொந்தக் கிராமத்துக்குப் போவார். தெரிந்த முகம், தெரிந்த சாதி சனம், தெரிந்த பேச்சு. "மாமா, சித்தப்பா" என்று முறை வைத்துக் கூப்பிடுவார். அந்தக் குரலை நம்பித்தான் கப்பல் ஏறினார்கள். எல்லாக் கங்காணியும் பொய்யர் என்று சொன்னால் பாவம் சேரும். தான் பட்ட கஷ்டத்தைத் தன் உறவுக்காரர் படக்கூடாது என்று பார்த்துப் பார்த்து அழைத்து வந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று தோட்டம் அவருக்குப் பணம் கொடுத்தது என்பது கதையில் இருந்த குறிப்பு. குரலில் அது இல்லை. குரலில் பாசம் மட்டும்தான் இருந்தது. பாசமும் பொய்யில்லை, பணமும் பொய்யில்லை. 1938-ல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை அப்படி அனுப்புவதற்குத் தடை போட்டபோதுதான் அந்தக் கதைக்கு முற்றுப்புள்ளி விழுந்தது.

ஆகவே இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு இந்தத் தலைப்பு வெறும் சினிமாத் தலைப்பு அல்ல. எந்தக் குரலை நம்பினோம், எந்தக் குறிப்பைக் கவனிக்கத் தவறினோம் என்பது நம் தாத்தா பாட்டியின் வாழ்க்கை வரலாறு.

எட்டப்பனும் அதிகாரியும்

எதிரணி நண்பர் எட்டப்பனை இழுத்தார். நல்லது. 1959-ல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் எட்டப்பனாக வந்தவர் யார்? வி.கே. ராமசாமி. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுகிற குரல். நூற்றுக்கணக்கான படங்களில் அப்பாவாகவும் மாமனாராகவும் நம்மைச் சிரிக்க வைத்த குரல். அந்தக் குரலில் துரோகம் எங்கே ஒளிந்திருந்தது? எங்கும் இல்லை. கட்டபொம்மன் 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வரலாறு நமக்குத் தெரியும். அதனால் எட்டப்பன் என்ற பெயரைக் கேட்டதுமே உஷாராகிவிடுகிறோம். நம்மை எச்சரித்தது வரலாறு என்ற கதை. ராமசாமியின் தொண்டை அல்ல.

1995-ல் வந்த 'குருதிப்புனல்' இன்னொன்று. பி.சி. ஸ்ரீராம் இயக்கம், கமல்ஹாசன், அர்ஜுன், நாசர். காவல்துறையின் திட்டம் தீவிரவாதிகளுக்குக் கசிகிறது. கசியவிட்டது யார்? கே. விஸ்வநாத் ஏற்ற மூத்த அதிகாரி. தகப்பன் போன்றவர். அந்தப் பேச்சில் நஞ்சில்லை. மிரட்டலுக்கு முறிந்த மனிதரின் சோகம்தான் இருக்கிறது. ஆனால் கதையில் கணக்கு இருக்கிறது: திட்டம் தெரிந்தவர்கள் சிலர், கசிவதோ மறுபடி மறுபடி. அப்படியானால் அந்தச் சிலரில் ஒருவர். கணக்குப் போட்டவன் கண்டுபிடிப்பான். குரலைக் கேட்டவன் ஏமாறுவான். எதிரில் உட்கார்ந்து நாசர் எத்தனை நிதானமாகப் பேசினார் என்பதும் நினைவிருக்கும். குரல் தாழத் தாழ நமக்கு வியர்த்தது.

தம்பிமார்களின் விளையாட்டு

பின்வரிசைத் தம்பிமார்கள் "இதெல்லாம் பழைய படம்" என்று நினைக்கலாம். அவர்கள் விளையாட்டிலிருந்தே ஓர் உதாரணம். 2007-ல் 'பயோஷாக்' என்று ஒரு வீடியோ விளையாட்டு வந்தது. கடலுக்கு அடியில் ஒரு பாழடைந்த நகரம். விமான விபத்தில் தப்பிய ஒருவன் அதற்குள் போகிறான். அவனுக்கு வழி சொல்ல வானொலிக் கருவியில் ஒரு குரல் வருகிறது. பெயர் அட்லஸ். அயர்லாந்துக்காரர் பேசும் பாங்கு. மனைவி மக்கள் மாட்டிக்கொண்டார்கள், காப்பாற்று என்று உருக்கமாகக் கேட்கும் குரல். ஒவ்வொரு முறையும் "தயவு செய்து" என்ற பொருள்பட ஒரு பணிவான சொற்றொடரோடு வேலை சொல்லும். விளையாடுகிறவனும் சொன்னதையெல்லாம் செய்வான்.

பாதிக்கு மேல் போனதும் உண்மை வெடிக்கிறது. அந்தப் பணிவான சொற்றொடர்தான் சாவி. அதைக் கேட்டால் மறுக்க முடியாதபடி அவன் மனம் முன்பே பழக்கப்பட்டிருக்கிறது. அட்லஸ் என்று ஒருவனே இல்லை. அது ஃபோன்டெய்ன் என்ற கொள்ளைக்காரனின் வேடம். உண்மை வெளிப்பட்டதும் அயர்லாந்துப் பாங்கு மறைந்து அமெரிக்க ரௌடியின் பேச்சு வருகிறது. அட்லஸுக்குக் கார்ல் ஹானோவர், ஃபோன்டெய்னுக்கு கிரெக் பால்ட்வின் என்று ஒரே ஆளுக்கு இரண்டு நடிகர்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள்.

எதிரணி நண்பர் துள்ளுவார்: "பார்த்தீர்களா, குரல்தானே மாறியது!" அவசரப்பட வேண்டாம். எப்போது மாறியது? எல்லாம் முடிந்த பிறகு. வேலை ஆகும்வரை அந்தக் குரலில் ஒரு கீறல்கூட இல்லை. முன்கூட்டியே உணர்த்தியது எது? மறுபடி மறுபடி வந்த அந்தச் சொற்றொடர். விளையாட்டின் முதல் நிமிடத்தில், விமானத்தில் அவன் கையிலிருக்கும் பரிசுப் பெட்டியின் சீட்டிலேயே அது எழுதியிருக்கிறது! எழுத்தில் இருக்கிறது; அதற்குக் குரலே கிடையாது. இரண்டாம் முறை விளையாடுகிறவன் தலையில் அடித்துக்கொள்கிறான். 1954-ல் கொட்டகையில் அடித்துக்கொண்ட அதே தலை, இடம்தான் வேறு.

இரண்டிலும் ஓர் ஒற்றுமையைக் கவனித்தீர்களா? இரண்டிலும் வானொலி. முகம் தெரியாமல் குரல் மட்டும் வரும் கருவி.

மணி அடிக்கிறது, எடுக்கலாமா?

முகம் தெரியாமல் குரல் மட்டும் வரும் கருவி இன்று எங்கே இருக்கிறது? இதோ, இங்கே இருக்கும் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பையிலும் இருக்கிறது.

தொலைபேசி மணி அடிக்கும். "ஐயா, வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்பார்கள். அல்லது காவல் நிலையம், நீதிமன்றம் என்பார்கள். இந்த நாட்டில் அதை 'மக்காவ் மோசடி' என்கிறோம். அந்தக் குரல் எப்படி இருக்கும்? மரியாதையாக இருக்கும். அலுவலகத்தில் நாலு பேர் பேசும் சத்தம் பின்னால் கேட்கும். "உங்கள் பெயரில் ஒரு வழக்கு இருக்கிறது, பயப்படாதீர்கள், உங்களுக்கு உதவத்தான் அழைத்தோம்" என்று ஆறுதல் சொல்லும். ஆயுளெல்லாம் பால் வெட்டி, செம்பனைக் குலை சுமந்து, ஊழியர் சேமநிதியில் சேர்த்த பணத்தை ஒரு மத்தியானத்தில் இழந்தவர்கள் உண்டு. அவர்களிடம் கேட்டால் என்ன சொல்வார்கள்? "நல்ல மாதிரியா பேசினாங்க, தம்பி." அந்த ஒரு வாக்கியம்தான் இந்தப் பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு.

இப்போது இன்னும் ஒரு படி போயிருக்கிறது. ஒருவர் பேசிய சிறு பதிவு கிடைத்தால் போதும், கணினி அதே குரலில் பேசும். மகன் குரலில் "அம்மா, விபத்து, உடனே பணம் அனுப்பு" என்று கேட்கும். பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது. இனிமேல் குரலை வைத்து உண்மையைக் கண்டுபிடிக்கலாம் என்று யார் சொன்னாலும், அவர் எதிரணி நண்பராகவே இருந்தாலும், நம்பாதீர்கள்!

ஆனால் கதையில் குறிப்பு இருக்கிறது. எல்லா மோசடிக் கதையிலும் ஒரே குறிப்புகள்தான் வரும். 'உடனே செய்' என்று அவசரப்படுத்தும். 'யாரிடமும் சொல்லாதே' என்று தனிமைப்படுத்தும். 'இந்தக் கணக்குக்குப் பணத்தை மாற்று' அல்லது 'கைத்தொலைபேசிக்கு வந்த எண்ணைச் சொல்' என்று கேட்கும். மூன்றில் ஒன்று வந்தாலும் 'அந்த நாள்' ராஜனை நினைத்துக்கொள்ளுங்கள். குரலை ரசிக்க வேண்டாம். தொலைபேசியை வைத்துவிடுங்கள். வங்கி என்றால் வங்கி அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். மகன் என்றால் மகனின் பழைய எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாமல், உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இதற்காகவே 2022-ல் அரசாங்கம் தொடங்கிய தேசிய மோசடி பதிலளிப்பு மையம் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் பார்க்கிறீர்கள். செர்காம் கடற்கரைப் பக்கம் ஈக்கான் பாக்கார் காத்திருக்கிறது என்பதும் தெரிகிறது. முடிவுக்கு வந்துவிடலாம்.

எதிரணிக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும். குரல் நடிப்பு சிறு கலை அல்ல. வீரப்பாவின் சிரிப்பும் நம்பியாரின் சீறலும் இல்லாமல் நம் பால்ய காலம் இல்லை. ஆனால் அந்தக் குரல்கள் நமக்கு ஒரு தவறான பாடத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டன. கெட்டவன் கெட்ட குரலில்தான் பேசுவான் என்று நம்ப வைத்துவிட்டன. சிவாஜியின் ராஜனும் அட்லஸும் அந்தப் பாடத்தைத் திருத்துகிறார்கள். பெரிய குரல் கலைஞன் துரோகத்தைக் குரலில் காட்டமாட்டான், குரலால் மூடுவான். மூடியதைத் திறக்கும் சாவி கதையில்தான் கிடக்கும். யாருக்கு என்ன ஆதாயம், யார் கையில் என்ன கருவி, எந்தச் சொல் மறுபடி மறுபடி வருகிறது என்று கவனிக்கிறவனுக்கு அது கிடைக்கும்.

முன்வரிசையில் அந்தக் குழந்தை இப்போது நிம்மதியாகத் தூங்குகிறது. வீரப்பா சிரிப்புக்கு அது விழித்துக்கொண்டது. அந்தச் சிரிப்பால் அதற்கு ஓர் ஆபத்தும் இல்லை. வளர்ந்த பிறகு ஒரு நாள் மிக இனிமையான ஒரு குரல் அதைக் கூப்பிடும். அன்றைக்கு அது விழித்திருக்க வேண்டும். அதற்கு அப்பா அம்மாவும் தாத்தா பாட்டியும் சொல்லித்தர வேண்டியது கதையைத்தான். ஆகவே, வில்லனின் துரோகத்தை முன்கூட்டியே உணர்த்துவது கதையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, இந்த உரை நிறைவடைகிறது.